கலாசாலையிற் கிறித்து சமய போதனை

கிறித்தவர் தம் சமயத்தைப் பள்ளி மாணாக்கர்க்கும் கல்லூரி மாணாக்கர்க்கும் எடுத்துரைத்தல் தகுமோ தகாதோ என்னும் வினா நம்மவர் கூடுமிடத்து எழுமாயின், ஆராய்ச்சிக்கு முன்னே கோபம் வந்து இருக்கை கொள்கின்றது. கோபத்திற்குக் காரணம் இல்லாமலில்லை. ஆயினும், கோபத்தோடு தொடங்கிய பேச்சுப் பெரும்பாலும் கோபத்தோடே முடிந்து, ஆராய வந்த பொருளை இருந்த இடத்திலேயே விட்டுச் செல்லும். ஆதலின், அன்பர்கள் சிறிது பொறுத்து, இப்பொருளை நடுவுநிலை பிறழாது எம்முடன் நோக்குமாறு வேண்டுகின்றோம்.

ஈண்டு யாம் ஆராயப் புகுவது கிறித்து சமயக் கொள்கையின் மெய்ம்மையன்று. அது தனியே செய்தற்குரிய ஆராய்ச்சி. ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்கள் 1854ஆம் ஆண்டில் வெளியிட்ட சைவதூஷண பரிகாரத்தில் அது ஒருவாற்றான் நிகழ்ந்துமிருக்கின்றது. எமது ஆராய்ச்சி, அக்கொள்கை சொல்லப்படும் இடத்தையும், சொல்வோனுக்கும் கேட்போனுக்கும் இடையே உள்ள நிலையையும் பற்றியதே.

தன் சமயத்தைப் பிறர்க்குரைத்தல் குற்றமென்று சைவர் கூறுதல் அமையாது. தாம் மெய்யென்று கண்டதனை ஊர்தோறுஞ் சென்று பாடியருளிய சமயகுரவரை வழிபடுவோர் நாம். பரபக்கம் வகுத்துப் பிற மதங்களை எடுத்து மறுத்த அருணந்தி சிவாசாரியர் நமக்குச் சந்தான குரவர். ஆகவே கிறித்தவர் பேசுகின்றனர் என்பது ஒரு குற்றச்சாட்டாகாது. யாரிடத்துப் பேசுகின்றனர், அவரை எந்நிலையில் வைத்துப் பேசுகின்றனர் என்பதே வினா.

இவ்வினாவிற்கு விடை காண்டற்கு யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையினுஞ் சிறந்த இடம் தமிழ் வழங்கும் நிலத்தில் இல்லை என்பது எமது கருத்து. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த பாதிரிமார் 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தை அடைந்தனர். கிராமங்கள்தோறும் பணம் வாங்காத பள்ளிகளைத் திறந்தனர். பின்னர்ப் பிள்ளைகளைத் தம்மிடத்தே இருத்தி உணவும் உடையுங் கொடுத்துக் கற்பிக்கும் விடுதிப் பள்ளிகளை அமைத்தனர். 1823ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டையிற் செமினரி என்னும் உயர்தரக் கலாசாலை தானியேல் பூவர் என்பவரைத் தலைவராகக் கொண்டு தொடங்கியது. அடுத்த ஆண்டில் உடுவிலிற் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி எழுந்தது. செமினரியில் ஆங்கிலம், தமிழ், கணிதம், வான நூல், தருக்கம் முதலியன கற்பிக்கப்பட்டன. எல்லாவற்றிற்கும் நடுநாயகமாக விவிலியம் இருந்தது. இலங்கை அரசாங்கத்தில் உயர்பதவி வகித்த எமர்சன் தெனந்து என்பவர், 1850ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், இக்கலாசாலையை ஐரோப்பாவின் சருவகலாசாலைகள் பலவற்றோடு ஒப்பவைத்துப் புகழ்ந்தனர். அப்புகழ்ச்சி மிகையென்று தள்ளத்தக்கதன்று. 1857ஆம் ஆண்டிற் சென்னைச் சருவகலாசாலை நடாத்திய முதற் பி. ஏ. பரீட்சையிலே தேறிய இருவரும், சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும், வட்டுக்கோட்டையிற் பயின்றவர்களே.

இனி அங்கு நிகழ்ந்த பெயரிடுதலைச் சிறிது நோக்குவோம். கடல்கடந்த நாட்டில் இருந்து பிள்ளைகளின் செலவிற்குப் பொருளுதவிய அன்பர்களின் பெயர்களையோ, மிஷனுக்கு வேண்டிய பெரியோரின் பெயர்களையோ, யாழ்ப்பாணத்துச் சிறுவர்க்கு இடும் வழக்கம் மிஷன் சூழலில் இருந்தது. இவ்வகையில் மேனாட்டுப் பெயர் பூண்டோர் பலர். விசுவநாதபிள்ளை கறோல் ஆயினர். சிதம்பரப்பிள்ளை நெவின்ஸ் ஆயினர். பாவலர் சரித்திர தீபகம் இயற்றிய சதாசிவம்பிள்ளை ஆர்னல்டு ஆயினர். தாமோதரம்பிள்ளை சார்ள்ஸ் வின்சிலோ ஆயினர். பிற்காலத்திற் சைவராய் நின்று தமிழ்த்தொண்டு செய்த அப்பெரியார்க்கு ஆங்கிலத்தில் எழுதுங்கால் அவ்விரு முதலெழுத்துக்களும் நீங்கவில்லை. தமிழில் எழுதுங்காலோ, சிறுப்பிட்டி என்னும் ஊரும் வைரவநாதர் என்னும் தந்தையார் பெயரும் 'சி. வை.' என்று வந்து அமர்ந்தன. ஒரே மனிதருடைய பெயரின் முன்னே இரண்டு உலகங்கள் ஏறக்குறைய ஒரே ஓசையோடு நிற்றல் காண்க. இது வேடிக்கையாகக் கூறியதன்று. பெயர் என்பது ஒருவன் கேட்டுப் பெறுவதன்று என்பது உண்மையே. தாய்தந்தையர் இடும் பெயரும் அத்தகையதுதான். ஆயினும், தாய்தந்தையர் இடும் பெயர் பிள்ளையைத் தம்மோடு சேர்ப்பது. பொருள் கொடுத்தோரின் பெயர் அவனைக் கடன்காரனாக்குவது. உண்ணுஞ் சோற்றிற்குக் கணக்கு எங்கேயோ எழுதப்படுகின்றது என்பதனை அச்சிறுவன் தன்னைக் கூப்பிடும் ஒவ்வொருகாலும் கேட்கவேண்டியவனாயினான்.

கேட்டவன் என்ன செய்வான்? கிறித்து சமயத்தை மெய்யாக ஆராய்ந்து தழுவினோர் அங்கே இருந்தனர். அவரை யாம் இகழோம். சதாசிவம்பிள்ளை இறுதிவரை கிறித்தவராகவே நின்று, 1886ஆம் ஆண்டிற் சைவப் புலவர் சரிதங்களையுங் கூடத் தொகுத்தெழுதிய பெருந்தகை. ஆனால் வேறு பலர், ஆங்கிலங் கற்று அரசாங்க உத்தியோகம் பெறுதலே கருதி வந்து, விவிலிய பாடத்தை அக்கல்விக்குச் செலுத்தும் கட்டணமாகக் கருதிக் கேட்டனர். இதனைச் சொல்பவர் சைவர் மாத்திரமல்லர். அமெரிக்க மிஷனின் தலைமைச் சபையிற் காரியதரிசியாயிருந்த ரூபஸ் அந்தர்சன் என்பவர் நேரில் வந்து பார்வையிட்ட பின்னர், 1855ஆம் ஆண்டிற் செமினரி மூடப்பட்டது. ஆங்கிலக்கல்வி மாணாக்கரை ஊழியத்திற்கன்றி உத்தியோகத்திற்கே ஆயத்தஞ் செய்கின்றது என்பது மூடியதற்குரிய காரணங்களுள் தலையாயது. முப்பத்திரண்டு ஆண்டு நடந்த முயற்சியை அதனை நடாத்தியவர்களே குறைபாடுடையதென்று தீர்த்தனர் என்றால், நாம் அதன்மேற் குற்றங் கூற வேண்டுவது யாது? குற்றங் கூறுதற்கன்று, காரணம் அறிதற்கே இது எடுத்துக்காட்டப்பட்டது. அந்தர்சன் கண்ட காரணம் ஆங்கிலம். யாம் காணுங் காரணம் வேறு. அதனை மேலே கூறுதும்.

அதற்கு முன் வான நூலைப் பற்றிச் சிறிது. பூவர் பாதிரியார் வான நூலைக் கற்பித்தது வானத்தை அறிவித்தற்கு மாத்திரமன்று. பஞ்சாங்கம் பிழைபட்டால் அதனோடு சைவமும் பிழைபடும் என்பது அவர் எண்ணம். 1829ஆம் ஆண்டில் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் குறித்து அராலி விசுவநாத சாஸ்திரியார் பஞ்சாங்கத்திற் கணித்த கணக்கிற்கும் பாதிரியார் காட்டிய கணக்கிற்கும் வேற்றுமை இருந்தது. பலர் கூடி நோக்கினர். பாதிரியார் கணக்கே சரியாயிற்று. இதனை மறைத்தலாற் பயனில்லை. ஆயினும், கிரகணம் சில நாழிகை முன்பின்னாக நேர்ந்தமையாற் பதி பசு பாசம் என்னும் முப்பொருளுண்மைக்கு வந்த குறை யாது? மெய்கண்ட சாத்திரம் பதினான்கனுள் எதுவும் கிரகணக் கணிதத்தின்மேல் நிற்பதன்று. இளைஞர் உள்ளத்தில் ஒன்றன் பிழையை மற்றொன்றன் பிழையாக மாற்றிப் பதித்தல் தருக்க நூல் கற்பித்த கலாசாலைக்கு அழகன்று. கல்கத்தாவில் 1830ஆம் ஆண்டிற் பள்ளி தொடங்கிய அலெக்சாந்தர் டப் என்பவரும் இம்முறையையே பெரிதாக விரித்தனர். தமது கல்விமுறையைக் கோட்டையின் அடியில் வெடிமருந்து நிரப்புஞ் சுரங்கத்திற்கு அவர் தாமே உவமித்தனர். சுரங்கம் தோண்டுவோன் மேலே இருப்பவனுக்கு அதனைச் சொல்லித் தோண்டுவதில்லை. நம்மவர்மீதும் பிழையுண்டு. பூகோளமும் பஞ்சாங்கமுஞ் சைவத்தின் உயிர்நிலை என்பதுபோல அவற்றிற்கு அரணமைத்து வாதாடியவர் நம்முன்னோரிற் சிலர்; தோற்ற இடம் தாமே தெரிந்துகொண்ட இடம்.

நிற்க. அதே வட்டுக்கோட்டையில் வேறொரு காட்சியும் உண்டு. அதனைச் சைவருட் பலர் அறியார். பூவருக்குப் பின் செமினரித் தலைவராயிருந்த ஹொய்சிங்கன் என்பவர் 1848ஆம் ஆண்டிற் சோதிட நூலொன்றைத் தமிழும் ஆங்கிலமுமாக வெளியிட்டனர். அதனோடமையாது, தத்துவக்கட்டளை, சிவஞானபோதம், சிவப்பிரகாசம் என்னும் மூன்றினையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தனர். அம்மொழிபெயர்ப்பு 1854ஆம் ஆண்டளவில் அமெரிக்கக் கீழ்த்திசைக் கல்விச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்தது. மொழிபெயர்ப்பிற் குறைகள் உண்டு. கருத்தறியாது கூறியனவும் உண்டு. ஆயினும், போப்பையர் திருவாசகத்தை ஆங்கிலமாக்கிய 1900ஆம் ஆண்டிற்கு ஏறக்குறைய ஐம்பதாண்டு முன்னரே, சைவத்தை வெல்லுதற்கு வந்த ஒருவர் சிவஞானபோதச் சூத்திரங்களின் முன் மாணாக்கராய் அமர்ந்தனர் என்பது சிறிய செய்தியன்று. அவர்க்கு அந்நூல்களைச் சொல்லிக் கொடுத்தோர் தமிழரே. அங்கே அவர் ஆசிரியரல்லர், கேட்போர். அந்த ஒரு மேசையில் நிலை தலைகீழாயிற்று.

இதற்கு இணையான மற்றொரு மேசை யாழ்ப்பாணப் பட்டினத்தில் இருந்தது. வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பேர்சிவல் பாதிரியாரிடத்தில் ஆங்கிலங் கற்று, அப்பள்ளியிலேயே ஆசிரியராய் அமர்ந்து, விவிலிய மொழிபெயர்ப்பிற்கும் துணைநின்றவர் நல்லூர் ஆறுமுகம்பிள்ளை. பிற்காலத்து நாவலர் இவரே. பன்னாள் விவிலியத்தைச் சொல்சொல்லாக ஆராய்ந்தும் அவர் கிறித்தவராயினாரல்லர். 1847ஆம் ஆண்டின் இறுதியில் வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலிற் சைவப் பிரசங்கந் தொடங்கி, 1848இற் பேர்சிவல் பாதிரியாரின் பள்ளியை விட்டு நீங்கிச் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினர். கிறித்தவ நூலை ஆழ்ந்து கற்றமை அவரைச் சைவத்தினின்றும் நீக்கவில்லை. சைவத்தைத் தாமே ஆழ்ந்து கற்குமாறு செய்தது. பேர்சிவலும் அவரைத் தமிழறிந்த துணைவராகக் கொண்டனரேயன்றி, ஞானஸ்நானம் பெற்றாலன்றி இருத்தேன் என்று கூறினாரல்லர்.

இவ்விரண்டு மேசைகளுக்கும், அமெரிக்கப் பெயர் தாங்கிய சிறுவன் உண்ட விடுதிக்கும் வேற்றுமை யாது? விவிலியம் இரண்டிடத்தும் இருந்தது, ஆங்கிலமும் இருந்தது. ஆகவே அந்தர்சன் கூறிய ஆங்கிலம் வேற்றுமைக்குக் காரணமாதல் செல்லாது. வேற்றுமை ஒன்றே. நாவலர் 'இல்லை' என்று சொல்லக்கூடிய நிலையிலிருந்தார், சொன்னார், சொல்லியும் உயிர்வாழ்ந்தார். விடுதிச் சிறுவனோ 'இல்லை' என்று சொன்னால் இழப்பது சோறு, உடை, கல்வி, ஆசிரியரின் முகமலர்ச்சி என்னும் இத்தனையும். மறுத்தற்கு வழியில்லாத இடத்திற் பெற்ற உடன்பாடு உடன்பாடாகாது. சமயம் உரைக்கப்படும் இடத்திற்கு யாம் கொள்ளும் உரைகல் இதுவே: கேட்போன் ஒன்றும் இழவாமல் மறுக்க இயலுமா?

இவ்வுரைகல் உலகியல்பற்றியது மாத்திரமன்று, சித்தாந்தத்தோடும் பொருந்துவது. ஆன்மாவிற்கு மெய்யுணர்வு வருதல் சத்திநிபாதத்தால் என்றும், அது மந்ததரம் முதலாக நால்வகைப்படும் என்றும், மலபரிபாகம் எய்தாதவழி ஆசிரியன் உபதேசம் பயன்படாது என்றும் நம் நூல்கள் கூறும். பக்குவம் வெளியிலிருந்து ஊட்டப்படுவதன்று. அருணந்தி சிவாசாரியர் மெய்கண்டாரிடஞ் சென்று ஆணவமலத்தின் இயல்பு யாது என்று வினாவியபோது, மெய்கண்டார் அவரை உச்சிமுதல் உள்ளங்கால்வரை நோக்கிய நோக்கமே விடையாயிற்று என்பது சந்தான வரலாறு. வினாவ வந்தவர் சகலாகம பண்டிதர். மறுத்து எழுந்து போதற்கு எல்லா வலியும் உடையவர். அவர் போகவில்லை. அத்தகைய ஒருவர் அமர்ந்தமையே அமர்தலாம்.

அற்றேல், மெய்கண்டார் பரஞ்சோதி முனிவரிடம் உபதேசம் பெற்றது சிறுபருவத்திலன்றோ? ஞானசம்பந்தப் பெருமான் ஞானப்பாலுண்டது மூன்றாமாண்டிலன்றோ? சிறுவர்க்கு உபதேசித்தல் சைவர்க்கு ஆகுமாயிற் கிறித்தவர்க்கு ஆகாதது என்னை? என்று ஒருவர் வினாவுதல் கூடும். நல்ல வினா. பக்குவம் ஆண்டெண்ணி வருவதன்று என்பதே அவ்வரலாறுகளின் கருத்து. எல்லாச் சிறுவரும் பக்குவமுடையர் என்பது கருத்தன்று. பரஞ்சோதி முனிவர் வெண்ணெய்நல்லூர்ப் பிள்ளைகளையெல்லாம் வரிசையாக நிறுத்தி உபதேசித்துத் தொகை எழுதிக்கொண்டு போனவரல்லர். தொகை எண்ணும் வழக்கம் வருமிடத்துப் பக்குவம் நோக்கும் வழக்கம் போய்விடும்.

இனி, யாம் மதமாற்றங் கருதவில்லை, நல்லொழுக்கமும் கிறித்தவக் கருத்தும் நாட்டிற் பரவுதலையே கருதுகின்றோம் என்று கூறிய கிறித்தவப் பெரியோரும் உளர். அவருள் தலையாயவர் 1862ஆம் ஆண்டிற் சென்னைக்கு வந்து, சென்னைக் கிறித்தவக் கல்லூரியைப் பெருங்கல்லூரியாக வளர்த்த வில்லியம் மில்லர். ஞானஸ்நானத் தொகையால் ஒரு கல்லூரியை அளத்தல் தவறு என்று அவர் தம் சபையாரோடு வாதாடினர். அவரிடம் கற்ற சைவரும் வைணவரும் தத்தம் சமயத்திலேயே நின்று அவரைத் தெய்வமாகப் போற்றினர். இம்முறை முன்னையதினும் எத்துணையோ மேலானது. ஆயினும் எமக்கு ஓர் ஐயம் எஞ்சுகின்றது. மாறு என்று வெளிப்படச் சொல்பவனுக்கு மாறேன் என்று விடை கூறலாம். மாறவேண்டா, இங்கே சிறிதுகாலம் இரு, மணம் தானே பற்றும் என்பவனுக்கு எவ்வாறு விடை கூறுவது? அவருடைய பெருந்தன்மையே அவ்விடையை அரிதாக்குகின்றது. இவ்வையம் குறுகிய நெஞ்சிற் பிறந்ததென்று அன்பர் கருதுவாராயின், அங்ஙனமே கருதுக. விவிலிய வகுப்பிற்கு வாராதிருக்க அம்மாணாக்கர்க்கு இசைவிருந்திருக்குமாயின் எமக்கும் ஐயமில்லை.

எம்முடைய அநுபவம் ஒன்றனை ஈண்டுக் கூறுதற்கு இசைவு வேண்டுகின்றோம். யாமும் இளமையில் ஒரு மிஷன் கல்லூரியிற் பயின்றேம். விவிலியப் பரீட்சையிற் கிறித்தவப் பிள்ளைகளையும் பின்தள்ளி முதற்பரிசு பெற்றதுண்டு. பரிசளித்த மறுநாள், எம்மிடத்து உண்மையாகவே அன்பு வைத்திருந்த ஆசிரியரொருவர் தனியே அழைத்து, 'நீ எழுதியவற்றைப் பற்றி உன் மனத்தில் உள்ளதைச் சொல்' என்றனர். யாம் சொல்லவில்லை. பரீட்சைத்தாளில் எழுதியதையே மீண்டுஞ் சொன்னேம். அவர் முகம் சிறிது வாடியது. அவர் கேட்டது மெய்யான வினா. அதற்கு மெய்யான விடை கூறும் நிலையில் எம்மை அக்கல்லூரி வைத்திருக்கவில்லை. சம்பளம் பாதி குறைக்கப்பட்ட மாணாக்கன் யாம்.

இக்காலத்தில் நிலை பெரிதும் மாறியுள்ளது. 1884ஆம் ஆண்டில் யாழ்ப்பாணக் கல்லூரியிற் கிறித்தவ இளைஞர் சங்கம் தோன்றியபின், ஆசிரியரன்றி மாணாக்கரே மாணாக்கர்க்கு உரைக்கும் முறை வளர்ந்தது. 1886இல் அமெரிக்காவில் எழுந்த மாணவர் தொண்டர் இயக்கம் அத்தலைமுறைக்குள்ளேயே உலகமெங்கும் சுவிசேஷத்தை அறிவித்தல் என்பதனைத் தன் கொடியில் எழுதிக்கொண்டது. 1951இல் அந்நாட்டுச் சருவகலாசாலை ஒன்றனை ஒட்டித் தோன்றிய மற்றோர் இயக்கம், கிறித்து சமயத்தின் சாரத்தை நான்கு விதிகளாக்கிக் கைக்குள் அடங்குஞ் சிறு புத்தகமாகப் பல நாட்டுக் கல்லூரிகளிலும் வழங்கியது. நான்கு விதிகளையும் கேட்டு முடித்தற்குச் சில நிமிடம் போதும். பன்னிரண்டு சூத்திரத்திற்குப் பாடியஞ் செய்த சிவஞான முனிவரை நினைக்கும்போது நகை வருகின்றது. கிறித்தவத்திலேயே ஆழ்ந்த கல்வியுடையோர்க்கும் அந்நகை வரும் என்று நம்புகின்றோம்.

ஆயினும், மாணாக்கன் மாணாக்கனுக்கு உரைத்தல் எமது உரைகல்லில் முன்னையதினும் நன்றாகவே மாற்றுரைக்கின்றது. இருவரும் ஒத்த நிலையினர். ஒருவன் கையில் மற்றவனுடைய சோறில்லை, மதிப்பெண்ணில்லை. ஊரைவிட்டு முதன்முறை வந்து, விடுதியறையில் யாரையும் அறியாது இருக்கும் இளைஞனிடம் நட்புக் கொண்டு வந்து, நட்பின் உள்ளே வேறொரு நோக்கத்தை வைத்திருத்தல் மாத்திரமே குறை. கிறித்தவ மாணாக்கனொருவன், 'நான் இதனை நம்புகின்றேன், இதனைப் பற்றி உன்னோடு பேச விரும்புகின்றேன், நீ மறுத்தாலும் நாளை உணவுக்கூடத்தில் உன் பக்கத்திலேயே இருப்பேன்' என்று கூறி, அங்ஙனமே மறுநாள் வந்து இருப்பானாயின், அவன்மேற் சைவன் கூறத்தக்க குற்றம் ஒன்றுமில்லை. அவனுக்கு விடைகூறத் தெரியாமை நம் பிள்ளையின் குறை. நம் பிள்ளைக்குச் சொல்லிக் கொடாமை நம் குறை.

சட்டமும் ஓரளவு இதனையே நோக்குகின்றது. அரசாங்க உதவி பெறும் கலாசாலையிற் பயிலும் ஒருவனை அவன் இசைவின்றியும், இளையோனாயின் காப்பாளர் இசைவின்றியும், சமய போதனையிற் கலக்குமாறு செய்தலாகாது என்பது இந்திய அரசியலமைப்பின் 28ஆம் உறுப்பு. சமயத்தைப் பரப்பும் உரிமை பிறரை மதம் மாற்றும் உரிமையாகாது என்று 1977ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. வலிந்து செய்தலையும் வஞ்சித்துச் செய்தலையும் ஆசைகாட்டிச் செய்தலையும் தடுக்கும் சட்டங்கள் சில மாகாணங்களில் உள்ளன. ஆனால் நன்றியுணர்ச்சியை எந்தச் சட்டம் அளக்கும்? வட்டுக்கோட்டைச் சிறுவனை யாரும் வலிந்திலர். பலவிடத்து வஞ்சித்தலும் இல்லை. அவன் நன்றியுடையவனாயிருந்தான், அவ்வளவே.

இதுவரை பிறரைக் கூறினோம். உரைகல் நம் கையில் இருப்பதனால் நம் பொன்னையும் உரைத்துப் பார்த்தல் கடன். நாவலரவர்கள் மிஷன் பள்ளியின் முறைகள் பலவற்றைத் தம் வித்தியாசாலைக்குக் கொண்டனர். படிமுறையான பாலபாடமும், வினாவிடையாக அமைந்த சைவ நூலும், அச்சியந்திரமும், வாரந்தோறும் பிரசங்கமும் அங்ஙனம் வந்தவை. அவற்றாற் சைவம் பிழைத்தது, ஐயமில்லை. ஆனால் நம் வித்தியாசாலைகளின் கதவு எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை. ஒடுக்கப்பட்ட குலத்துப் பிள்ளைகளை நாம் புறத்தே நிறுத்தியபோது மிஷன் பள்ளி அவர்களை உள்ளே அழைத்தது. மிஷன் பள்ளிகளும் தொடக்கத்திற் சாதிவழக்கிற்கு முழுதும் அஞ்சாதிருந்தன அல்ல. ஆயினும் முதலில் அசைந்தவை அவையே. 1930ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், யாழ்ப்பாணத்துப் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகட்கும் சம ஆசனம் அளிக்கவேண்டும் என்ற விதி வந்தபோது, ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகளைச் சேர்த்த பள்ளிகள் சில எரியூட்டப்பட்டன. எரியூட்டியவர் நெற்றியில் என்ன இருந்தது என்பதனை யாம் எழுதவேண்டுவதில்லை. வேறு கதவே இல்லாத பிள்ளை மிஷன் பள்ளிக்குட் சென்று கிறித்தவனாயினான் என்றால், அவனுக்கு 'இல்லை' என்று சொல்லும் வழியை அடைத்தவர் பாதிரியாரோ, நாமோ?

இலங்கையில் 1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் மேற்கொண்டபோது, மிஷன் பள்ளிகளோடு சைவ வித்தியாவிருத்திச் சங்கத்துப் பள்ளிகளும் கைமாறின. யாழ்ப்பாணக் கல்லூரி, உடுவில் மகளிர் கல்லூரி முதலிய சில மாத்திரம் தனிநின்றன. இன்று அந்நாட்டுப் பாடசாலைகளிற் பிள்ளை ஒவ்வொன்றும் தன் சமயத்தையே ஒரு பாடமாகக் கற்கின்றது. நம் பிள்ளைகட்குச் சைவநெறி என்னும் பாடமும் பரீட்சையும் உண்டு. பழைய பூசல் ஒழிந்தது என்று பலர் மகிழ்கின்றனர். யாமும் மகிழ்ந்தோம்.

சில ஆண்டுகட்கு முன் சைவ மாணாக்கர்க்குரிய ஒரு போட்டிப் பரீட்சையின் விடைத்தாள்களைத் திருத்தும் பணி எமக்கு வாய்த்தது. பதி, பசு, பாசம் மூன்றன் இலக்கணத்தையும் ஒரு பிள்ளை எழுத்துப் பிழையுமின்றி எழுதியிருந்தது. பரிசளிப்பு நாளில் அப்பிள்ளையைத் தனியே அழைத்து, 'ஆன்மா அநாதி என்று எழுதியிருக்கின்றாயே, அது உனக்கு எப்படித் தோன்றுகின்றது?' என்று கேட்டோம். சற்று நேரம் எம் முகத்தைப் பார்த்திருந்துவிட்டு, விடைத்தாளில் எழுதியதையே பிழையின்றி மீண்டும் ஒப்பித்தது. ஒப்பித்துக்கொண்டே இருந்த கைகளிற் பரிசுப் புத்தகம் இருந்தது. அம்முகத்தை யாம் முன்னரே அறிவோம்.